நாலடி தள்ளி ஒரு குரல்

மார்ச் 4

கல்லு,

இல்லை, வலியால் இல்லை. வலி மட்டும் என்றால் போனை எடுத்திருப்பேன். வலியோடு பேசலாம். பல்லைக் கடித்துக்கொண்டு "ம்" கொட்டலாம். நீ பதினேழு தடவை கூப்பிட்டாய் என்று அண்ணி எண்ணி வைத்திருக்கிறார். கடைசித் தடவை அண்ணனிடமே கேட்டாயாம், "குருவிக்கு வலி அதிகமா, இல்ல என் மேல கோபமா?" என்று.

போன வாரம் நம் நாடக அரங்க மேலாளர் அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. விபத்து அறிக்கையின் நகல். மூன்றாம் பக்கம் உன்னுடையது. 'ர'வுக்கு நீ மட்டும்தான் அவ்வளவு நீளமாக வால் போடுவாய். கையொப்பத்தைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது.

"மேலே இருந்தவர் கேட்காமலேயே இரண்டு கைகளையும் விட்டார். நான் ஏணியைப் பிடித்திருந்தேன்."

இரண்டே வாக்கியம்.

உனக்குத் தெரியாததை எழுதப் போவதில்லை. ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன், அது அப்படித்தான் இருந்ததா என்று எனக்கே தெரிய வேண்டும். நீ கீழ்ப்படியில் ஒரு காலை ஊன்றி, சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருப்பாய். நான் பதின்மூன்றாம் படியில். மேடை விளக்கைக் குழாயில் மாட்டி ஸ்பேனரால் முடுக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். குனிந்து பார்க்க மாட்டேன். பார்த்தால் நிலை தவறும். அதனால் கேட்பேன். "இருக்கியா?" நீ சொல்வாய், "இருக்கேன்." பிறகுதான் கையை விடுவேன். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. பதினொரு வருடம்.

ஜனவரி ஒன்பதாம் தேதியும் கேட்டேன். நீ சொன்னாய்.

இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்றாக உடைந்திருந்தது. உள்ளே ஒரு பிளேட், ஏழு ஸ்க்ரூ. எலும்பு சேர்கிறது என்கிறார்கள். எலும்பின் மேல் யாருக்கும் குறை இல்லை. தசைதான் போய்விட்டது. காலை ஊன்றாமல் இருந்த ஆறு வாரத்தில் தொடை காற்றுப் போன பலூன் மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் வேறு யாருடையதோ.

மேலாளர் ஒரு குறிப்பும் வைத்திருக்கிறார். மே பதினைந்து முதல் டிக்கெட் ஜன்னலில் உட்காரலாமாம். கால் முழுக்கச் சரியானாலும் ஏணி கிடையாது. கேட்காமல் கையை விடும் ஒருவரை மறுபடி ஏற்ற முடியாது என்கிறார். அவர் எழுதியதில் தப்பே இல்லை. அப்படிப்பட்ட ஒருத்தியை நானும் ஏற்ற மாட்டேன்.

அந்த ஒருத்தி நான் இல்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஒரே கேள்வி. நான் கேட்டேனா, இல்லையா? எழுது. போன் வேண்டாம். உன் குரலை நம்பித்தான் கையை விட்டேன். எழுத்தாவது வைத்த இடத்தில் இருக்கும்.

குருவி

*

மார்ச் 10

அடியே குருவி,

கடிதம்! வாசல் காவலாளி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கோர்ட்டு நோட்டீசா?" என்றார். "இல்லப்பா, காதல் கடிதம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே போய்ப் படித்த பிறகு அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பள்ளிக்கூடத்தில், காய்ச்சல் என்று பொய் சொல்லி விடுப்புக் கேட்டு. எனக்கு எழுத வராது. கோர்வையாக இல்லாவிட்டால் திட்டாதே.

இங்கே எல்லோரும் உன்னைக் கேட்கிறார்கள். மேடைத் தச்சர் தினமும், "கல்லும் குருவியும் ஒத்துமையா இருந்த ஒரே இடம் உலகத்துல இதுதான், அதுவும் போச்சே" என்று புலம்புகிறார். உன் ஸ்பேனரை யாரையும் தொட விடவில்லை. என் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். உன் டீ கிளாஸ் மட்டும் உடைந்துவிட்டது. அதை நான் உடைக்கவில்லை.

சரி, அறிக்கை. உன்னை வண்டியில் ஏற்றி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, மேலாளர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். "நீங்க பிடிச்சிட்டுத்தானே இருந்தீங்க?" என்றார். கேட்கிற மாதிரி இல்லை, சொல்லிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. நான் தலையை ஆட்டினேன். "அப்ப அவங்கதான் கேக்காம விட்டிருக்கணும்" என்றார். அதற்கும் ஆட்டினேன். ஆட்டின தலைக்கு ஏற்ற மாதிரி கை எழுதிவிட்டது. என் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? யோசித்துப் பார்.

அதோடு உனக்குத் தலையிலும் அடி. அன்றைக்கு நடந்தது உனக்கு முழுசாக ஞாபகம் இருக்குமா என்ன? எனக்கே இல்லை. நான் "இருக்கேன்" என்று சொல்லி வாயை மூடவில்லை, ஏணி வழுக்குகிற சத்தம். திரும்பினால் நீ தரையில். உன் கால் போகக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. கண்ணை மூடினால் எனக்கு அதுதான். உனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்காதே.

டிக்கெட் ஜன்னல் ஒன்றும் மோசமில்லை. நாற்காலி இருக்கிறது, தலைக்கு மேல் மின்விசிறி இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் குனிந்துதான் பேச வேண்டும். உன் வாய்க்கு அது ராஜ சிம்மாசனம்.

இப்போதைக்கு மேலே நான் ஏறுகிறேன். தச்சர் பிடிக்கிறார். ஆள் கிடைக்கும் வரைக்கும்தான். வேறு யாராவது சொல்லி உன் காதில் விழும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

போதும்டி. போனை எடு. பழையபடி நாலு வார்த்தை திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன் கல்லு

*

மார்ச் 19

கல்லு,

கேட்காதவளுக்கு எதற்குப் பதில் சொன்னாய்?

"நான் 'இருக்கேன்' என்று சொல்லி வாயை மூடவில்லை." நீ எழுதியது. உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம், மேலிருந்து நாலாவது வரி. நான் கேட்டதால் சொன்னாய். தாளில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. "திரும்பினால் நீ தரையில்." ஏணியைப் பிடித்திருப்பவள் எதற்குத் திரும்ப வேண்டும்? ஏணி உன் முகத்துக்கு முன்னால் அல்லவா இருக்க வேண்டும்.

உனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று பதினொரு வருடம் நினைத்திருந்தேன். அது சரிதான். தெரியவில்லை. ஆனால் சொல்கிறாய்.

வாரத்துக்கு மூன்று நாள் உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகிறேன். நீளமான அறை. இரண்டு பக்கமும் கம்பி, எதிரே ஆளுயரக் கண்ணாடி. சிகிச்சை தருபவர் முதலில் டேப்பை எடுப்பார். முட்டிச் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வைத்து, அங்கே தொடையின் சுற்றளவை அளப்பார். வலது நாற்பத்தாறு. இடது நாற்பதரை.

முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைப்பார். "அழுத்துங்க" என்பார். நான் அழுத்துவேன். ஒன்றும் நடக்காது. முகம் சிவக்கும், கை கட்டிலைப் பிடிக்கும், தோள் இறுகும். தொடை மட்டும் சும்மா கிடக்கும்.

"நீங்க முகத்தால அழுத்துறீங்க" என்றார் முதல் நாள்.

"கால் கேக்க மாட்டேங்குது, சார்."

"அடிபட்ட முட்டியைக் காப்பாத்தணும்னு தசை தானா வேலையை நிறுத்திடும். அது நல்லதுக்குத்தான் செஞ்சுது. ஆனா எலும்பு சேர்ந்தாச்சுன்னு அதுக்கு யாரும் தகவல் சொல்லல. நீங்கதான் தினமும் சொல்லணும்."

தினமும் சொல்கிறேன். காலையில் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக் கேட்கிறேன், இருக்கியா? அண்ணி கதவருகில் நின்று கேட்டுவிட்டார். "யாருகிட்ட பேசுற?" என்றார். "காலோட" என்றேன். "அது பதில் சொன்னா என்னையும் கூப்பிடு" என்றுவிட்டுப் போனார்.

வலி மாறிக்கொண்டே இருக்கிறது. காலையில் விறைப்பு. நடந்து முடித்தால் ஸ்க்ரூ இருக்கிற இடம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்தும். ஏழையும் எண்ண முடியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பயமாக இருப்பது வலி இல்லாத நேரம்தான். போன செவ்வாய் குளியலறை வாசலில் நன்றாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு குத்தல்கூட இல்லை. எதையும் சொல்லாமல் முட்டி மடங்கிவிட்டது. அண்ணி அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நான் அழுதது விழுந்ததற்கு இல்லை. மறுபடியும் முன்னறிவிப்பே இல்லாமல் என்பதற்கு.

வீட்டில் செய்யும் பயிற்சியை ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார். கால் தூக்குவது, முப்பது தடவை. இரண்டு வாரம் தினமும் முப்பது என்று எழுதினேன். பன்னிரண்டைத் தாண்டியதில்லை. அவர் நோட்டைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். "நோட்டு நல்லாத்தான் இருக்கு. கால்தான் அதை இன்னும் படிக்கல" என்றார். அவமானமாக இருந்தது. பொய் அறிக்கை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், கல்லு. அதனால்தான் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. பதினொரு வருடமும் உன் குரல் என் பாதத்துக்கு நேர் கீழே இருந்து வரும். அன்று வலது பக்கத்திலிருந்து வந்தது. கொஞ்சம் தள்ளி. எனக்குத் தெரிந்தது, கல்லு. காதுக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னது நீ. கையை விட்டேன்.

எங்கே நின்றாய்?

குருவி

*

ஏப்ரல் 2

குருவி,

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழிக்கும் முன் அனுப்பிவிட வேண்டும்.

நாலடி. ஏணியிலிருந்து நாலடி தள்ளி, மேடையின் முன் விளிம்பில் நின்றேன். உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இல்லை, பக்கவாட்டில். போன் பேசவில்லை. யாரோடும் அரட்டை அடிக்கவில்லை. நீ அப்படித்தான் நினைத்திருப்பாய். நான் விளக்கைப் பார்த்தேன்.

சிரிக்காதே. நீ முதல் வரிசையை முடித்துவிட்டாய், விளக்குச் சுவிட்சுப் பலகையில் இருந்தவர் அதைச் சோதித்துப் பார்க்க எரியவிட்டார். மஞ்சள், அப்புறம் அந்த இளம் பச்சை. தரையெல்லாம் விழுந்தது. ஏணியடியில் நின்றால் எனக்கு என்ன தெரியும் என்று உனக்குத் தெரியுமா? உன் செருப்பின் அடி. இடது செருப்பில் பிறை மாதிரி ஒரு தேய்மானம். பதினொரு வருடம் நான் அதைத்தான் பார்த்தேன். நீ மேலே போய் ஒளியை மாட்டுவாய். நாடகம் முடிந்ததும் இயக்குநர் வந்து, "இன்னிக்கு லைட் பிரமாதம்" என்று உன் கையைக் குலுக்குவார். ஒரு தடவை என்னைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "என் கல்லு" என்றாய். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சிரிக்கவில்லை.

ஒரு தடவை முன்னால் நின்று பார்த்தால் என்ன என்று தோன்றியது. நாலடிதானே. நீ கேட்டாய். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை, வாய் சொன்னது.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. அன்றைக்கு முதல் தடவை இல்லை. போன வருடத்திலேயே நாலைந்து தடவை அப்படித் தள்ளி வந்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டேன். நாம் தைரியம் என்று சொல்வது எல்லாம் இந்த மாதிரிதான் போலிருக்கிறது.

இப்போது மேலே போகிறேனே, கேள். ஆசைப்பட்ட இடம்தான். தச்சர், "இருக்கேம்மா" என்கிறார். நல்ல மனிதர். பாறை மாதிரி நிற்கிறார். நான் குனிந்து பார்க்கிறேன். அவர் இருக்கிறார். மறுபடி பார்க்கிறேன். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முடுக்குகிறேன். ஒரு விளக்குக்கு இருபது நிமிடம். "ஏம்மா, விளக்கு மாட்டுறியா, கூடு கட்டுறியா?" என்கிறார். என்னால் இரண்டு கையையும் விட முடியவில்லை, குருவி. அந்த வார்த்தை எவ்வளவு லேசானது என்று எனக்குத் தெரியுமே.

உண்மையை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதோடு வைத்திருக்கிறேன். கேட்டாய் என்று, நான் நாலடி தள்ளி நின்றேன் என்று, எல்லாம். கொடுத்தால் என்னை மேலேயும் விட மாட்டார்கள், கீழேயும் விட மாட்டார்கள். அது உனக்குத் தெரியும். கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். நீ எது செய்தாலும் சரி என்பேன்.

உன் செருப்பு இங்கேதான் இருக்கிறது. இரண்டும்.

கல்லு

*

ஏப்ரல் 11

கல்லு,

தாளைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். நேரம், இடம், நாலடி. மேலாளர் சொல்லிக்கொடுத்து எழுதியதைவிடத் தெளிவு.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேறொன்று வந்தது. அந்த நாலைந்து தடவை. எந்த நாட்கள்? உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறேன். நீலத் திரை போட்ட நாடகம் ஒன்று வந்ததே, அப்போதா? உன் பிறந்த நாளுக்குப் பதின்மூன்றாம் படியில் நின்று இரண்டு கையையும் தட்டிப் பாடினேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு என் காலுக்குக் கீழே இருந்து வந்ததா, பக்கத்திலிருந்தா? ஞாபகம் இல்லை. இனி வராது. விழுந்தது ஒரு நாள்தான். விழாத நாட்களையும் எடுத்துக்கொண்டாய்.

செருப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அது எனக்குத் தெரியாது. பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட, "நீ ஏறுறியா, நான் பிடிக்கிறேன்" என்று நான் கேட்டதில்லை. அந்தக் கேட்காததை வேண்டுமானால் எழுது. அது நடந்தது. அதற்கு என்ன தண்டனையோ அதை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அது வேறு தாள்.

கொடுப்பதும் கிழிப்பதும் என் இஷ்டமாம். கொடுத்தால் நான் உன்னைக் கெடுத்தவள். கிழித்தால் பெரிய மனசுக்காரி. இரண்டிலும் நீ எங்கேயும் வந்து நிற்க வேண்டாம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தேன். அண்ணி, "என்ன, கால் பதில் சொல்லிடுச்சா?" என்றார். இல்லை அண்ணி, இது பழைய பதில்தான் என்றேன். இதுவும் நாலடி தள்ளி நின்று சொல்வதுதான், கல்லு. இருக்கேன் என்று.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். மேலாளர் அறை நீ இருக்கும் மேடையிலிருந்து ஒரு தாழ்வாரம். எனக்கு அது ஒரு ரயில் பயணம், அதற்கு மேல் பதினொரு படிக்கட்டு. நீ நடந்து போய்க் கொடு.

கால் கொஞ்சம் கேட்கிறது. டேப்பில் இப்போது நாற்பத்திரண்டு. அண்ணி அலமாரிக்கு வைத்திருக்கும் மூன்று படி முக்காலியில் நேற்று ஏறினேன். ஏறுவது பரவாயில்லை. இறங்கும்போதுதான் தெரிகிறது. உடம்பின் முழுப் பாரத்தையும் வளைந்த முட்டியில் ஒரு வினாடி வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு வினாடிக்கு ஆள் இல்லை. தொடை நடுங்குகிறது. அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவன் கையை எடுக்கவில்லை என்று மூன்று படியிலும் பார்த்துக்கொண்டே இறங்கினேன். "ஏண்டி இப்படி முறைக்கிற?" என்றான். பாவம், அவன் என்ன செய்தான்.

மே பதினைந்து, காலை பத்து மணிக்கு வருவேன். மேலாளர் மேசையில் உன் தாள் இருந்தால், இறங்கத் தெரிந்த அன்றைக்கு ஏணி கேட்பேன். இல்லை என்றால் ஜன்னலில் உட்காருவேன், உனக்கும் சேர்த்து டிக்கெட் கிழிப்பேன். உன் இரண்டு கடிதத்தையும் நான் யாரிடமும் காட்டப் போவதில்லை. அந்த நம்பிக்கையில் நீ சும்மா இருந்துவிடலாம். அதுவும் எனக்குத் தெரியும்.

ஏணி கிடைத்தாலும் நீ பிடிக்க வேண்டாம். தச்சர் பிடிக்கட்டும். அவரிடமும் கேட்பேன். குனிந்து பார்த்துவிட்டுத்தான் விடுவேன். நிலை தவறினால் தவறட்டும்.

ஸ்பேனரைப் பூட்டி வைக்காதே. துருப்பிடிக்கும்.

குருவி

ஒட்டுவதற்கு முன்: உன் தாளை நாலாக மடித்து இந்த உறைக்குள் வைத்தேன். பிறகு கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு, கட்டிலில் படுத்துக் காலைத் தூக்கினேன். முப்பது செய்ய வேண்டும். பத்தொன்பதில் நின்றுவிட்டது. நோட்டில் பத்தொன்பது என்று எழுதினேன்.